புது மெட்டல் எங்கே தேடுறது? டிரம்மரைப் பிடிங்க

14 செப்டம்பர் 2024, கேள்வி

அண்ணே, நேராவே கேட்டுடுறேன். 2010-க்கு அப்புறம் உருப்படியா ஏதாவது மெட்டல் இசை வந்திருக்கா? ஸ்பாட்டிஃபையைத் திறந்தா மெய்டன், மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர்னு அதே பழைய குழுக்கள். திங்கட்கிழமையானா அதுவா ஒரு லிஸ்ட் குடுக்குது, அதுவும் அதே அச்சு. இந்த இசை முடிஞ்சு போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. முடியலன்னா நீங்க எங்க தேடுறீங்க? நான் திருநெல்வேலி. இங்க கச்சேரியும் கிடையாது, கடையும் கிடையாது.

14 செப்டம்பர், இரவு

தம்பி, முடியல. நீங்க தேடுற இடம் உங்களை நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கு, அதான் விஷயம். நாலு பேரைக் கேட்டீங்கன்னா, அந்த நாலு பேரைக் கேட்டவங்க எல்லாரும் கேட்ட அஞ்சாவது ஆளை அது காட்டும். அந்த அஞ்சாவது ஆளும் ஏற்கெனவே பெரிய ஆளாத்தான் இருப்பார். நியூசிலாந்து ஆக்லாந்துல இருக்கிற அல்சரேட் மாதிரி ஒரு குழு அந்தக் கணக்குல உங்க கண்ணுக்கு எட்டவே எட்டாது. அவங்க ஜூன்ல விட்ட ஆல்பத்தைத்தான் இந்த வருஷம் நான் அதிகமாக் கேட்டிருக்கேன். டிரம்ஸ் ஜேமி செயின்ட் மெராட். ஒலிப்பதிவு, மிக்ஸிங், அட்டை ஓவியம்னு அந்தக் குழுவோட முக்கால்வாசி வேலையும் அவர் தலையிலதான்.

எங்க தேடுறதுன்னு கேட்டீங்க. எந்த ஆல்பம் பிடிச்சாலும் முதல்ல டிரம்மர் யாருன்னு பாருங்க. அவர் வேற எந்தெந்தக் குழுவுல வாசிக்கிறார்னு தேடுங்க. அதுல ஒண்ணைக் கேளுங்க. நான் பல வருஷமா இப்படித்தான் போறேன். இன்னும் வழி தீரல.

15 செப்டம்பர்

"ஏன் டிரம்மர், ஏன் கிடார் இல்ல?"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க.

கிடார் வாசிக்கிறவங்க ஊருக்கு நூறு பேர் இருப்பாங்க. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட பழகலாம். டிரம்ஸுக்குத் தனி இடம் வேணும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுமை வேணும், தூக்கிட்டுப் போக வண்டி வேணும். பிளாஸ்ட் பீட்ங்கிற மின்னல் வேக அடியைச் சீரா அஞ்சு நிமிஷம் ஓட்டி, நடுவுல டூம் வகையோட மெதுவான வேகத்துக்கு இறங்கி, மறுபடி ஏறத் தெரிஞ்ச ஆள் எந்த ஊர்லயும் ரொம்பக் கம்மி. அப்படி ஒருத்தர் இருந்தா அந்த வட்டாரத்துல நாலு குழுவும் அவரைத்தான் கூப்பிடும். எதுல சேரணும்னு அவர்தான் முடிவு பண்ணுவார். அதனால அவர் சேர்ந்த குழுன்னா, காது உள்ள ஒருத்தர் ஏற்கெனவே சலிச்சுக் குடுத்ததுன்னு அர்த்தம்.

பார்க்கிற இடம் மெட்டல் ஆர்கைவ்ஸ். 2002-ல மாண்ட்ரியால்ல ரெண்டு பேர் ஆரம்பிச்ச களஞ்சியம். தகவல் சேர்க்கிறது பூரா ரசிகர்கள். குழு பக்கத்துல உறுப்பினர் பேரைத் தட்டினா அவர் வாசிச்ச, வாசிக்கிற எல்லாக் குழுவும் வருஷத்தோட வரும். நாடு, ஊர், ஆண்டு, பாடல் பொருள்னு பிரிச்சுத் தேடலாம். நு-மெட்டல், மெட்டல்கோர் வகையில பலதை உள்ளே விட மாட்டாங்க. அதுல எனக்குச் சம்மதமில்ல, ஆனா அந்தக் கண்டிப்புனாலதான் பட்டியல் இவ்வளவு சுத்தமா இருக்கு.

15 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே பேர்ல பத்துக் குழு இருக்கும். ஸ்ட்ரீமிங் செயலிகள்ல அதுங்க எல்லாம் ஒரே பக்கத்துல கலந்து கிடக்கும். ஆர்கைவ்ஸ்ல நாடு போட்டுத் தனித்தனியா வச்சிருப்பாங்க. எது எதுன்னு அங்க பார்த்துட்டு அப்புறம் கேளுங்க.

18 செப்டம்பர்

சரி, ஒரு சங்கிலியை முழுசாக் காட்டுறேன். அமெரிக்காவுல டென்வர் ஊர் டெத் மெட்டல் (உறுமல் குரலோட முரட்டு வகை) குழு பிளட் இன்கேன்டேஷன்ல ஆரம்பிக்கலாம். டிரம்மர் ஐசக் ஃபால்க். அவர் வேஃபேரர்லயும் வாசிக்கிறார். அதே டென்வர், ஆனா வேற உலகம். பிளாக் மெட்டலுக்குள்ள (அலறல் குரலோட வர்ற வகை) அமெரிக்க மேற்குப் பகுதியோட பழைய கதைகளும் நாட்டுப்புற கிடாரும். போன வருஷ ஆல்பத்தைக் கேளுங்க, வறண்ட புழுதி காதுல விழும்.

இதே பிளட் இன்கேன்டேஷனோட மத்த மூணு பேரும் ஸ்பெக்ட்ரல் வாய்ஸ்ல இருக்காங்க. அங்க டிரம்ஸ் வாசிக்கிற எலி வெண்ட்லர்தான் பாடுறதும். பாடறதுன்னா, கிணத்தடியிலேர்ந்து வர்ற குரல். பிப்ரவரில வந்த ஆல்பம் அவ்வளவு இருட்டு.

இப்ப இன்னொரு கிளை. பிளட் இன்கேன்டேஷன் அடுத்த மாசம் விடப்போற ஆல்பத்தோட தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்க். அவர் எடர்னல் சாம்பியன்ல டிரம்மர், சம்மர்லேண்ட்ஸ்ல கிடார். சம்மர்லேண்ட்ஸ்ல டிரம்ஸ் ஜஸ்டின் டிடோர், பாஸ்டன்காரர், ஹார்ட்கோர் பங்க்லேர்ந்து வந்தவர். அந்த டிடோர் டெரிக் வெல்லாவோட சேர்ந்து ட்ரீம் அனெண்டிங்னு ஒரு டூம் குழு வச்சிருக்கார். அந்த வெல்லா யாரு? டொரான்டோ டூம் மோல்ட் குழுவோட கிடாரிஸ்ட். டூம் மோல்ட்ல டிரம்ஸ் வாசிக்கிற மேக்ஸ் கிளெபனாஃபே பாடவும் செய்றார்.

டென்வர்ல ஏறி, ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் வழியா டொரான்டோல இறங்கியாச்சு. மூணு டெத் மெட்டல், ஒரு பிளாக், ஒரு டூம், பழைய பாணி ஹெவி மெட்டல் ரெண்டு. நீங்க கேட்ட 2010-க்குப் பிறகுதான் இவங்க எல்லாருடைய ஆல்பமும். ஒரு மாசத்துக்குப் போதும்.

18 செப்டம்பர்

பேர் குழப்பம் வேண்டாம்: மேல நான் சொன்ன "டூம் மோல்ட்" கல்லறைங்கிற சொல்லோட வர்ற பேர். டூம் மெட்டல்ங்கிறது மெதுவான அந்த வகை. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத் தெரியுது.

21 செப்டம்பர்

நல்ல ஆட்சேபம் ஒண்ணு வந்திருக்கு. "பிளாக் மெட்டல்ல பாதி ஒத்தை ஆள் குழு. டிரம்ஸே மெஷின். அங்க உங்க டிரம்மரை எங்க போய்ப் பிடிக்கிறது?"

நியாயம். அங்க எனக்கு மூணு கைப்பிடி இருக்கு. லேபிள் (ஆல்பத்தை வெளியிடுற நிறுவனம்), மாஸ்டரிங் பண்ணவர் (கடைசியா ஒலியைச் சரிபண்றவர், இவரையும் டிரம்மர் மாதிரியே தேடலாம்), நன்றிப் பட்டியல்.

சின்ன லேபிள்னா அது ஒரு மனுஷனோட ரசனை. கொலராடோவோட டார்க் டிசென்ட், கனடாவோட ப்ரொஃபவுண்ட் லோர், அமெரிக்காவுல 20 பக் ஸ்பின் இதெல்லாம் ஒருத்தரோ ரெண்டு பேரோ தேர்ந்தெடுக்கிற சாமான். நம்ம பக்கத்துலயே மும்பையில டிரான்ஸெண்டிங் அப்ஸ்க்யூரிட்டி இருக்கு, உலகம் பூரா குழுக்களை எடுத்து வெளியிடுறாங்க. ஒரு லேபிள்ல ரெண்டு ஆல்பம் உங்களுக்குப் பிடிச்சா, மூணாவதைக் கண்ணை மூடிட்டுக் கேட்கலாம்.

நன்றிப் பட்டியலை யாரும் படிக்கிறதில்ல. நான் அதைத்தான் முதல்ல படிப்பேன். ஆல்பம் உள்ளட்டையில பொடி எழுத்துல முப்பது குழு பேர் போட்டிருப்பாங்க. கூடப் பயணம் போனவங்க, ஒத்திகை இடத்தைப் பங்கு போட்டவங்க, வேனைக் குடுத்தவங்க. மெட்டாலிகாவுல பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் போட்டுட்டு நின்ன மிஸ்ஃபிட்ஸ் பனியனைப் பார்த்து அந்தக் குழுவைத் தேடிப் போன ஆளுங்க எத்தனை பேர். 1987-ல மெட்டாலிகாவே மிஸ்ஃபிட்ஸ் பாட்டை எடுத்து வாசிச்சாங்க. அப்ப பனியன் செஞ்ச வேலையை இப்ப நன்றிப் பட்டியல் செய்யுது.

ஒத்தை ஆள் குழுன்னு சொன்னதுக்கும் ஒரு பதில் இருக்கு. பனாப்டிகான்ல எல்லாக் கருவியும் ஆஸ்டின் லன் ஒருத்தர்தான், ஆனா அவர் அடிப்படையில டிரம்மர். அதைக் கேட்டாலே தெரியும். பிளாக் மெட்டலுக்குள்ள பான்ஜோ, ஃபிடில் எல்லாம் கொண்டுவந்து, கெண்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க கதையை 2012-ல ஆல்பமாப் போட்டார். அழுத்தமான ஆல்பம்.

4 அக்டோபர் 2024

இன்னிக்கு பேண்ட்கேம்ப் வெள்ளி. பிளட் இன்கேன்டேஷன் ஆல்பமும் இன்னிக்கேதான்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: பேண்ட்கேம்ப்ங்கிறது குழுக்கள் நேரா இசையை விக்கிற தளம். சாதாரண நாள்ல டிஜிட்டல் விற்பனையில 15 சதவீதம் எடுத்துக்கும், கேசட், வினைல், பனியன்ல 10. இந்த வெள்ளிக்கிழமைகள்ல அந்தப் பங்கை விட்டுடும். 2020 மார்ச்ல, கொரோனால கச்சேரி எல்லாம் நின்னப்ப ஆரம்பிச்ச ஏற்பாடு, நிக்கல. நடுவுல எபிக் கேம்ஸ் கைக்குப் போச்சு, 2023-ல சாங்டிரேடர் கைக்குப் போச்சு, வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. அப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இன்னும் முழுசா நம்பிக்கை வரல. வாங்கினதை எல்லாம் இறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்ல வச்சுக்கறேன், நீங்களும் வச்சுக்குங்க.

ஸ்பாட்டிஃபைல இந்த வருஷத்துலேர்ந்து, ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்துல 1000 தடவை ஓடலன்னா அதுக்குக் காசே கிடையாது. சின்னக் குழுவோட முதல் டெமோவுக்கு (மாதிரிப் பதிவு) 1000 ஒரு மலை. பேண்ட்கேம்ப்ல 7 டாலர், நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 590 ரூபாய், குடுத்து நீங்க வாங்குற ஒரு ஆல்பத்துல பெரும்பகுதி அந்தக் குழுவுக்கோ லேபிளுக்கோ போகுது.

அங்க தேடுறதுக்கும் ஒரு வழி சொல்றேன். ஆல்பம் பக்கத்துல, வாங்கினவங்களோட சின்னச் சின்னப் படம் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட சேகரிப்புக்குள்ள போற கதவு. சிலர் ரெண்டு வரி எழுதியிருப்பாங்க, பிடிச்ச பாட்டைக் குறிச்சிருப்பாங்க. எழுதினவங்களைப் பாருங்க. சேகரிப்புக்குள்ள போய் உங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச நாலு ஆல்பம் அவங்ககிட்டயும் இருக்கான்னு பாருங்க. இருந்தா மீதியையும் நம்பலாம். போலந்துல எங்கயோ இருக்கிற ஒருத்தரை நான் இப்படித்தான் தொடர்றேன். பேசினதே இல்ல. டூம் விஷயத்துல அவர் வாங்கினது ஒண்ணுகூட சோடை போகல.

4 அக்டோபர், நள்ளிரவு தாண்டி

பிளட் இன்கேன்டேஷன் ஆல்பத்தைக் கேட்டுட்டேன். உடனே எழுதணும்னு தோணுது.

மொத்தம் ரெண்டே பாட்டு, ஒவ்வொண்ணும் மூணு துண்டு. முதல் துண்டு முழு வேகத்துல டெத் மெட்டலாத் திறக்குது. ரெண்டு மூணு நிமிஷத்துல தரை விலகின மாதிரி எல்லாம் அடங்கி, கிடார் எழுபதுகளோட ப்ராக் ராக்குக்குள்ள மிதக்குது. இது வெட்டி ஒட்டின மாதிரி கேட்கல. ஏன்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஃபால்க்தான் காரணம். வேகம் குறையறப்பவும் அவர் சிம்பல்ல பழைய துடிப்பை விடாம லேசாப் பிடிச்சு வச்சிருக்கார், உடம்பு வேகத்தை மறக்கல. திரும்ப பிளாஸ்ட் பீட் வர்றப்ப அதான் அதிர்ச்சியா இல்லாம வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு.

ரெண்டாவது துண்டுல சிந்தசைசர் வாசிக்கிறது டேஞ்சரீன் ட்ரீமோட தோர்ஸ்டன் க்வேஷ்னிங். பதிவு பண்ணது பெர்லின் ஹன்ஸா ஸ்டுடியோல. இந்த ஆல்பத்துல பங்களிச்சவங்க பட்டியலே அடுத்த மூணு மாசத்துக்கான வழி. டேஞ்சரீன் ட்ரீம்ல ஏறினா எழுபதுகளோட ஜெர்மன் மின்னணு இசை முழுக்கத் திறக்கும்.

5 அக்டோபர்

பேண்ட்கேம்ப்ல வாங்கப் போனா வங்கி அட்டை மறுக்குதுன்னு கேட்டவருக்கு மட்டும் பதில்: பயப்படாதீங்க. 2020-ல வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டைகள்ல வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை முடக்கியேதான் வரும். வங்கிச் செயலிக்குள்ள போய் அதைத் திறந்து, வரம்பை 1000 ரூபாய்னு வச்சு, வாங்கி முடிச்சதும் மூடிடுங்க.

16 அக்டோபர்

இணையம் இல்லாத காலத்துல எப்படித் தேடினாங்கன்னு தம்பி கேட்டிருக்கார். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

கேசட் மாத்துற பழக்கம். எண்பதுகள்ல கலிஃபோர்னியாவுல ஒருத்தர் தன்கிட்ட இருக்கிற டெமோவைப் படி எடுத்து ஸ்வீடனுக்கு அனுப்புவார். அங்கேர்ந்து ஒண்ணு வரும். அதைப் படி எடுத்து பிரேசிலுக்கு. மெட்டாலிகாவோட 1982 டெமோ உலகம் சுத்தினது அப்படித்தான், ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே. அவங்களோட லார்ஸ் உல்ரிக்கே அந்த வட்டத்துல கேசட் மாத்திட்டிருந்தவர். அவரும் டிரம்மர்தான், கவனிச்சுக்குங்க. அதே 1982-ல பிரையன் ஸ்லேகல்னு ஒரு ரெக்கார்டு கடை ஊழியர், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கக் குழுக்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டார். மெட்டல் பிளேட் லேபிள் பிறந்தது அதுலதான்.

தபால் செலவு தாங்காம ஒரு வேலை பண்ணுவாங்க. ஸ்டாம்பு மேல பசையைத் தடவி அனுப்புறது. முத்திரை மை பசை மேல மட்டும் விழும். வாங்கினவர் ஸ்டாம்பைக் கழுவித் திருப்பி அனுப்பணும், "என் ஸ்டாம்பை அனுப்பிடு"ன்னு கடிதத்துலயே எழுதியிருப்பாங்க.

இந்தியாவுல அந்த இடத்தை ஒரு பத்திரிகை நிரப்பிச்சு. 1993-ல அலகாபாத்துலேர்ந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல். மும்பையோ பெங்களூருவோ இல்ல, அலகாபாத்! ஊர் சின்னதுன்னு கவலைப்படுற திருநெல்வேலித் தம்பி இதைக் குறிச்சுக்கணும். சென்னையில எங்களுக்கு ஸ்பென்சர் பிளாசா மியூசிக் வேர்ல்டும் நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்கும். மெட்டல் வரிசை ரெண்டு தட்டுக்கு மேல இருக்காது. வாங்கின கேசட்டோட நன்றிப் பட்டியல்ல இருக்கிற பேர்களை நோட்டுல எழுதி வச்சுக்குவேன். கேட்க வழியே இருக்காது, பேர் மட்டும் இருக்கும். மார்பிட் ஏஞ்சல்ங்கிற பேரை எழுதி வச்சதுக்கும் அவங்களைக் கேட்டதுக்கும் நடுவுல வருஷங்கள் ஓடிடுச்சு.

27 அக்டோபர்

நம்ம ஆளுங்களைப் பத்திப் பேச்சு வந்தது. தமிழ்க் காதுக்கு முதல்ல சொல்ல வேண்டிய பேர் ருத்ரா. சிங்கப்பூர், 1992-லேர்ந்து. பேஸ் வாசிச்சுப் பாடுறவர் கதிர். டெத் மெட்டலுக்குள்ள சமஸ்கிருத மந்திரமும் அத்வைதமும். தங்களோட இசைக்கு வேத மெட்டல்னு அவங்களே பேர் வச்சாங்க. 2022-ல வந்த ஆல்பம் பத்து மகாவித்யைகள்ல எட்டை எடுத்துக்கிட்டது. முப்பது வருஷம் கழிச்சும் ரிஃப்ல சோம்பல் இல்ல.

பெங்களூரு கிரிப்டாஸ் ஜூலையில புது ஆல்பம் விட்டிருக்காங்க. நேர்கோடான எண்பதுகள் ஹெவி மெட்டல். மெய்டன் பிடிச்ச தம்பி இதுலேர்ந்து ஆரம்பிச்சா நல்லது. இலங்கையில கொழும்பு ஸ்டிக்மாட்டா மூத்தவங்க. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், கரடுமுரடா, மூச்சுமுட்ட.

ஆர்கைவ்ஸ்ல ஊர்ங்கிற இடத்துல சென்னைன்னு போட்டுத் தேடிப் பாருங்க. நான் தேடினப்பதான் எஷர்ஸ் நாட் பழைய ஆல்பத்தைத் திரும்ப எடுத்துக் கேட்டேன். அந்தக் கணக்குப் போட்ட தாளமெல்லாம் இன்னும் நிக்குது.

10 நவம்பர்

டிரம்மர் விஷயத்துல எனக்கே ஒரு மறுசிந்தனை.

நல்ல டிரம்மரைத் துரத்தித் துரத்தி, என் காது கைத்திறன் பக்கமே சாய ஆரம்பிக்குது. இந்த இசையில உள்ள சில பெரிய பதிவுகள் தடுமாற்றத்தோட, மோசமான ஒலியோட, பதினேழு வயசுப் பசங்க பண்ணது. நார்வே குழு டார்க்த்ரோனை எடுத்துக்குங்க. டெக்னிக்கலா டெத் மெட்டல் வாசிச்சுட்டிருந்தவங்க அதை வேணும்னே தூக்கிப் போட்டுட்டு எளிமைக்கு இறங்கினாங்க. அங்க டிரம்ஸ் வாசிக்கிற ஃபென்ரிஸ் அவசியத்துக்கு மேல ஒரு அடி அடிக்க மாட்டார்.

ஆனா அவரையும் டிரம்மர்னுதான் நான் தொடர்றேன்! வாரம் ஒரு குழுன்னு பேர் தெரியாத குழுக்களைப் பத்தி ரொம்ப நாள் எழுதினார். அவர் கைகாட்டினது வழியா நான் போய்ச் சேர்ந்த இடங்களுக்குக் கணக்கே இல்ல. அவர் ஊர் மன்றத் தேர்தல்ல பேர் கொடுக்கச் சொன்னப்ப, பூனையைக் கையில வச்சுக்கிட்டு "எனக்கு ஓட்டுப் போடாதீங்க"ன்னு சுவரொட்டி போட்டார். ஜனங்க போட்டு மாற்று உறுப்பினராக்கிட்டாங்க.

ஆகவே திருத்திக்கறேன்: வாசிக்கிற கையோட அந்த ஆள் என்ன கேட்கிறார்ங்கிறதையும் பாருங்க. பேட்டில பிடிச்ச குழுவைக் கேட்டா சின்னக் குழு பேரா அடுக்குற ஆளா இருந்தா விடாதீங்க.

11 நவம்பர்

"வாரத்துக்கு இவ்வளவு வருதே, எப்படிக் கேட்டு முடிக்கிறீங்க?" முடிக்கிறதில்ல. 2015 ஜூலைலேர்ந்து உலகம் பூரா வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள், அன்னிக்கு வர்ற மெட்டலை மட்டும் கேட்கவே வாரம் பத்தாது. ஆங்ரி மெட்டல் கை, நோ கிளீன் சிங்கிங்னு ரெண்டு விமர்சனத் தளங்களைப் படிப்பேன். முதல்ல சொன்னது மதிப்பெண் போடும், பிடிக்கலன்னா தயங்காம அஞ்சுக்கு 2 போடும், அந்த நேர்மை பிடிக்கும். ரெண்டாவது மதிப்பெண்ணே போடாது, உற்சாகமா எழுதும், அதுவும் பிடிக்கும். படிச்சு ஒரு ஆல்பம் எடுப்பேன். அந்த வாரம் அது மட்டும்தான். தாம்பரத்துலேர்ந்து ரயில்ல போறப்ப ஒரு தடவை, வீட்ல வரிகளைக் கையில வச்சுக்கிட்டு ஒரு தடவை, அப்புறம் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு. பெல் விட்ச்ங்கிற குழு 2017-ல போட்டது 83 நிமிஷம், ஒரே பாட்டு. அதை வேற வேலை பார்த்துக்கிட்டே கேட்டா ஒண்ணுமே கிடைக்காது.

24 நவம்பர், கேட்டவர்

அண்ணே, வேஃபேரர் கேட்டேன். நாலு நாளா அதுதான். வேஃபேரர் ஆல்பத்தை வாங்கியும் விட்டேன், வங்கி அட்டை விஷயம் நீங்க சொன்னபடி பண்ணதும் பணம் போயிடுச்சு. ஆனா ஸ்பெக்ட்ரல் வாய்ஸ் மாதிரி உறுமல் எனக்கு இன்னும் முடியல. தொண்டையைத் திறந்து பாடுற புதுக் குழு ஏதாவது?

24 நவம்பர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. உறுமல் அவசரமில்ல, அது வர்றப்ப வரும். பாடுறது வேணும்னா மேல சங்கிலியிலேயே இருக்கு. சம்மர்லேண்ட்ஸ், எடர்னல் சாம்பியன் ரெண்டுலயும் சுத்தமான குரல். முதல்ல எடர்னல் சாம்பியன் 2020 ஆல்பம், அப்புறம் சம்மர்லேண்ட்ஸ். டிசம்பர் 6 அடுத்த பேண்ட்கேம்ப் வெள்ளி, அதுவரைக்கும் இலவசமா ஓட்டிக் கேளுங்க, பிடிச்சா அன்னிக்கு வாங்குங்க. வாங்கினா ரெண்டு வரி எழுதிட்டு வாங்க, உங்க சேகரிப்புக்குள்ள நானும் வந்து பார்க்கணும்.